"வெர்ஜ்" என்பதற்குத் தமிழ்ச் சொல்: வீதிக்கரை?

வணக்கம் நண்பர்களே,

மேற்கு அவுஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து உள்ளூராட்சி மன்ற விதிகளைத் தமிழில் எழுதத் தொடங்கினால் முதலில் முட்டுகிற சொல் "வெர்ஜ்" (verge). மதிலுக்கு வெளியே, தார் வீதிக்கு முன்னே கிடக்கும் துண்டு நிலம் அது. மெல்பேர்ணில் நேச்சர் ஸ்ட்ரிப், நியூசிலாந்தில் பேர்ம். நிலம் பொதுவுடைமை, பராமரிப்பது அதை ஒட்டிய வீட்டுக்காரர். இதுவரை இந்தக் குழுவில் அதற்கு முன்மொழியப்பட்ட "புல்வரப்பு", "நடைபாதை ஓரம்", "சாலையோரம்" என்ற மூன்று சொற்களும் எனக்கு நிறைவு தரவில்லை.

"புல்வரப்பு" காதுக்கு இனிமையானது. ஆனால் புல்லை எடுத்துவிட்டு அந்த மண்ணுக்குரிய செடிகளை நடும்படி மன்றங்களே ஊக்குவிக்கின்றன. மேலும், வரப்பு என்றால் உயர்ந்து நிற்பது. இங்கே வேண்டியது நேர்மாறு. நடுவதற்கு முன் விளிம்புக்கல்லின் (தார் வீதி ஓரத்துக் கல்) மட்டத்திலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை எடுக்க வேண்டும். அதன்மேல் 5 முதல் 7.5 செ.மீ. மூடாக்கு (மண்ணை மூடும் மரச்சீவல்) போட்டாலும் மேற்பரப்பு கல்லுக்குக் கீழேயே நிற்கும். மண்ணை எடுக்காமல் கொட்டினால் அடுத்த பெருமழையில் மரச்சீவல் வீதிக்கு ஓடி வடிகாலை அடைக்கும்.

"நடைபாதை ஓரம்" இன்னும் சிக்கலானது. பல மன்றங்களின் உபவிதிப்படி, வண்டி ஓடும் பகுதிக்கும் அடுத்துள்ள காணிக்கும் இடைப்பட்டதே வெர்ஜ். நடைபாதை அதில் சேராது. கல் பாவும் பரப்பு வெர்ஜின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கார் ஏறி இறங்கும் வழியும் கணக்கில் இல்லை. காணி முகப்பு 15 மீ., மதிலிலிருந்து விளிம்புக்கல் வரை 5 மீ., நடைபாதை 1.5 மீ., கார் வழி 3 மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 75 ச.மீ. நடைபாதைக்கு 22.5, கார் வழிக்கு (நடைபாதை நீங்கலாக 3 × 3.5) 10.5 கழித்தால் மிஞ்சுவது 42. பாவக்கூடியது 14 ச.மீ., அதாவது ஒரு கார் நிற்கும் இடம். பெயரில் "நடைபாதை" இருப்பதால் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறவர் 25 ச.மீ. பாவிவிட்டு, பிறகு கழற்ற வேண்டி வரும்.

"சாலையோரம்" நெடுஞ்சாலைத் தோளுக்கும் (வண்டி ஒதுங்கி நிற்கும் ஓரப் பகுதி) பொருந்துவதால் அதன் பொருள் மிக விரிந்தது.

என் முன்மொழிவு: வீதிக்கரை. றோட்டுக்கரை என்று யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சொல்வதுதான்.

*

> என் முன்மொழிவு: வீதிக்கரை

ஐயா, எனக்கு உடன்பாடுதான். ஆனால் கரை என்றால் கோடு அல்லவா, பரப்பைக் குறிக்குமா என்று சிலர் கேட்பார்கள். "முன்றில்" என்ற பழஞ்சொல்லை மீட்டு "தெருமுன்றில்" எனலாமே? வீட்டின் முன்னிடம் என்ற பொருள் தெளிவாக வருகிறது. கூடவே ஒரு வேண்டுகோள்: "மூடாக்கு" தமிழ்நாட்டு உழவர்களிடம் வழக்கில் உள்ள சொல், அதை மாற்ற வேண்டாம். நீர் இறங்கவிடும் கல்தளத்துக்கு "நீர்புகு தளம்" போதும்.

*

> "தெருமுன்றில்" எனலாமே?

அழகான சொல், ஆனால் இந்த இடத்தில் வேண்டாம் என்பேன். முன்றில் என்றதும் அது வீட்டுக்குரியது என்ற எண்ணம் வந்துவிடும். சுவர், பாறாங்கல், இரும்பு முளை வைத்து மன்றத்தின் அறிவித்தல் வாங்குகிறவர்கள் அந்த எண்ணத்தில்தான் வைக்கிறார்கள். அந்த நிலத்துக்கு அடியில் தண்ணீர், எரிவாயு, தொலைத்தொடர்புக் குழாய்கள் போகின்றன. தோண்டுவதற்கு முன் நிலத்தடிக் குழாய்கள் பற்றிச் சொல்லும் Before You Dig Australia சேவையிடம் கேட்டு வரைபடம் பெற வேண்டும், அது இலவசம். நிறுவனங்கள் நாளை குழி வெட்டினால் நம் கல்தளம் பழையபடி திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே சிமெந்துச் சாந்தில் ஒட்டாமல், அமுக்கிய சல்லி, மணல்மேல் கழற்றக்கூடிய கல்லாக, வீதிப் பக்கம் சற்றே சரித்துப் பாவுவது நல்லது. மரத்தடியை ஒட்டிப் பாவினால் வேர் கல்லைத் தூக்கும், மரமும் வாடும்.

கரை பரப்பைக் குறிக்கும். ஆற்றங்கரையில் மரம் நடுகிறோம், கோட்டில் நடுவதில்லை.

விதி வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தேன். "நடைபாதை இல்லாத வீதிக்கரையில் விளிம்புக்கல்லை ஒட்டி ஆட்கள் நடக்க 1.5 முதல் 2 மீ. விட வேண்டும்." "சந்தி மூலை வீதிக்கரையில் ஓட்டுநரின் பார்வையை மறைக்காத தாழ்ந்த செடி மட்டும்." "வீதிக்கரை மரம் மன்றத்துக்குரியது, வெட்டக்கூடாது." எங்கும் இடறவில்லை. வீதிக்கரைத் தோட்டம், வீதிக்கரைக் கழிவு சேகரிப்பு (வீட்டார் வெளியே வைக்கும் பெருங்கழிவை மன்றம் எடுத்துச் செல்வது) என்று கூட்டுச்சொற்களும் இயல்பாக அமைகின்றன. (கழிவுக் குவியல் வைக்க ஒரு மூலையை வெறுமையாக விடும்படி நாம் எழுதும் விதிக் கைநூலில் சேர்க்க வேண்டும். பழைய மெத்தை விழுந்தால் கங்காரு பாதச் செடி பிழைக்காது.)

கைநூலின் செடிப் பகுதியில் இரண்டு எச்சரிக்கைகள் கட்டாயம் வேண்டும். கிரெவில்லியா என்ற உள்நாட்டுச் செடி இனங்களுக்குப் பாஸ்பரஸ் மிகுந்த உரம் நஞ்சு. பெர்த் மணல் கோடையில் காய்ந்தால் நீரை உள்வாங்காமல் உருட்டிவிடும். ஈரமூட்டி கலக்காமல் எவ்வளவு ஊற்றினாலும் வேருக்குச் சேராது. நடுகைக்கு ஏற்றது மே முதல் ஜூலை வரை. அங்கே குளிர்காலமான ஜூன் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை தோட்டத் தெளிப்பான்களை நிறுத்தும் விதி நடப்பில் இருந்தாலும் மழை பார்த்துக்கொள்ளும்.

இன்னும் தீராதது "க்ராஸ்ஓவர்", மேலே "கார் வழி" என்று எழுதியது. லொறியும் அதில் ஏறுவதால் அந்தப் பெயர் போதாது. "படலைவழி" (படலை என்றால் வளவின் வாசற்கதவு) என்று எழுதலாமா? படலை என்ற சொல் வழங்காத ஊர்க்காரர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.