கேஸ்கேட் என்பதற்கு ‘உதிர்தொடர்’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நிறம் சேர்க்கும் கைப்பேசி விளையாட்டுகளில் ஒரே நிறக் காய்கள் மூன்றை ஒரு வரியில் சேர்த்தால் அவை மறையும், மேலே இருப்பவை இறங்கும், புதியவை மேலிருந்து வரும். சில நேரம் ஒரு காயை நகர்த்தியபின், நாம் தொடாமலேயே அடுத்தடுத்து மும்மூன்றாகக் காய்கள் சேர்ந்து மறைகின்றன. ஆங்கிலத்தில் இதைக் கேஸ்கேட் என்கிறார்கள். இதற்கு அருவி, தொடர்வினை, தொடர்சரிவு என மூன்று தமிழ்ச் சொற்கள் நண்பர்களால் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் எனக்கு ஒப்புதல் இல்லை. ‘உதிர்தொடர்’ என்று வைக்கலாம் என்கிறேன்.

அருவி அழகான சொல்தான். ஆனால் அது ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் படத்தைப் பெயர்க்கிறதே தவிர, பலகையில் நடப்பதைச் சொல்லவில்லை. தொடர்வினையை அணுவியல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சுவது தொடர்சரிவு. பலருக்கும் பிடித்த சொல் அதுதான் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அண்மையில் ஆட்டத்தின் ஒரு நிலையில் (லெவல்) ஆறு நாள்கள் சிக்கிக் கிடந்தேன். ஒன்பதுக்கு ஒன்பது பலகை, ஐந்து நிறங்கள், 22 நகர்த்தல்கள். அடியில் உள்ள இரண்டு வரிசைகளிலும் உடைக்க வேண்டிய படலம். கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் ஏழெட்டுக் கட்டங்கள் மிச்சமிருக்க, நகர்த்தல்கள் தீர்ந்துபோயின. பிறகுதான் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். மேல் வரிசையில் மூன்று காய்களைப் படுக்கையாகச் சேர்த்தால் புதிதாக மூன்று காய்கள் வரும், அவ்வளவுதான். அடிவரிசையில் சேர்த்தாலோ, மூன்று நிரல்களிலும் (செங்குத்து வரிசைகளிலும்) மேலே இருக்கும் எட்டெட்டுக் காய்கள், ஆக 24 காய்கள், ஒரு படி இறங்குகின்றன. எல்லோரும் சொல்லும் ‘அடியிலிருந்து ஆடு’ என்ற அறிவுரையின் கணக்கு இதுதான்.

ஆனால் அறிவுரை அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த 24 காய்களும் ஒரே கட்டாக இறங்குவதால் அவற்றுக்குள் யார் பக்கத்தில் யார் என்பது மாறுவதில்லை. மாறுவது கட்டின் இடது ஓரமும் வலது ஓரமும் மட்டுமே. ஆகவே பலகை முழுவதையும் வெறித்துப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு ஓரங்களைப் பார்த்தால் போதும். எடுத்துக்காட்டாக, இடமிருந்து 3, 4, 5 ஆகிய நிரல்களின் அடியில் மூன்று நீலத்தைச் சேர்க்கப் போகிறோம். 6, 7 ஆகிய நிரல்களில், கீழிருந்து நான்காம் வரிசையில் இரண்டு சிவப்பு நிற்கின்றன. ஐந்தாம் நிரலில் ஒரு சிவப்பு ஐந்தாம் வரிசையில் இருக்கிறது. நீலம் மறைந்ததும் அந்தச் சிவப்பு ஒரு படி இறங்கி மற்ற இரண்டோடு சேர்ந்து தானும் மறைகிறது. அதைக் கையால் கீழே இழுத்தும் சேர்த்திருக்கலாம். அதற்கு ஒரு நகர்த்தல் செலவாகியிருக்கும். இப்போது அது இலவசம். சிவப்பு மறைந்த 5, 6, 7 ஆகிய நிரல்களில் மேலே இருக்கும் 15 காய்கள் மறுபடி இறங்குகின்றன, புதிய ஓரங்கள் பிறக்கின்றன.

இங்கேதான் தொடர்சரிவு தவறுகிறது. மேல் விளிம்பை ஒட்டிச் சேர்த்தால் ஒழிய, எந்த நகர்த்தலிலும் பழைய காய்கள் சரியத்தான் செய்கின்றன. சரிந்த காய்கள் எதனோடும் சேராமல் அப்படியே நின்றுவிட்டால் அது கேஸ்கேட் ஆகாது. இறங்குவது வேறு, பலகையை விட்டு நீங்குவது வேறு. தொடர்வது இரண்டாவதுதான். அந்த நீக்கத்துக்குத் தமிழில் இயல்பான வினை ‘உதிர்’. இலை உதிர்கிறது, பூ உதிர்கிறது, காயும் உதிர்கிறது. ஆடுபொருளை நாம் காய் என்றே சொல்லிப் பழகியவர்கள். தாயத்திலும் சதுரங்கத்திலும் அது காய்தான். ‘மூன்று காய்கள் உதிர்ந்தன’ என்று யாரிடம் சொன்னாலும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

எண்ணுவதற்கும் இது வசதி. முதல் சேர்க்கை ஓர் உதிர்வு, அதன் விளைவாய் வருவது இரண்டாம் உதிர்வு. ‘இந்த நகர்த்தலில் நான்கு உதிர்வு’ என்று சொல்லலாம். அவை அனைத்தும் சேர்ந்தது உதிர்தொடர். இது வினைத்தொகை. உதிர்ந்த, உதிர்கின்ற, உதிரும் என முக்காலமும் அதில் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘உதிர்த்தொடர்’ என்று எழுதிவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், உதிர்த்தல் பிறவினை. நாம் உதிர்ப்பது முதல் மூன்றை மட்டுமே. மற்றவை தாமே உதிர்கின்றன.

உதிர்தல் இழப்பைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். காய்களை நீக்குவதே வேலையாக இருக்கும் ஆட்டத்தில் அது இழப்பு இல்லை. எல்லாம் அதிர்ஷ்டம், இதற்கு ஒரு சொல் எதற்கு என்றும் ஒரு கேள்வி வந்தது. மேலிருந்து புதிதாக வரும் காய்கள் அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். எதேச்சையாக ஒரு வரியில் அமையும் மூன்று காய்களும் ஒரே நிறமாவதற்கு, 4 நிறப் பலகையில் 16-இல் ஒரு வாய்ப்பு. 6 நிறங்களில் 36-இல் ஒன்றுதான். நிறம் கூடிய நிலைகள் கடினமாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் கண்ணெதிரே நிற்கும் காய்கள் அதிர்ஷ்டம் அல்ல. 2001-இல் வந்த பெஜுவல்டு, 2012-இல் வந்த கேண்டி கிரஷ் போன்ற ஆட்டங்கள் கணினிக்கே கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தவை என்று 2014-இல் ஆய்வாளர்கள் நிறுவிக் காட்டினார்கள். யோசிக்க இடமுள்ள ஒன்றுக்குப் பெயர் வேண்டும். இரண்டாம் உதிர்வை முன்கூட்டியே பார்த்து ஆடுவதைத் ‘திட்ட உதிர்தொடர்’ என்றும், புதுக் காய்களால் வருவதைத் ‘தற்செயல் உதிர்தொடர்’ என்றும் பிரித்துப் பேச முடிந்தால், ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதும் எளிதாகும்.

ஓர் எச்சரிக்கையும் இதே சொல்லால் தெளிவாகச் சொல்லிவிடலாம். நான்கு அல்லது ஐந்து காய்களைச் சேர்த்துப் பெற்ற சிறப்புக் காய்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, அவற்றுக்குக் கீழே உதிர்தொடரைக் கிளப்பாதீர்கள். ஒன்று இறங்கி மற்றது நின்றுவிட்டால் ஜோடி பிரிந்துவிடும். சேர்த்த இடத்துக்குக் கீழே உள்ள காய்கள் அசையாதவை. ஆகவே அந்த ஜோடி வெடிக்கும்வரை அதற்கு மேலேயே ஆட வேண்டும். என் ஆறு நாள் நிலை ஏழாம் நாள் முடிந்தது இப்படித்தான்: முதல் பத்து நகர்த்தல்களை அடியிலும், ஜோடி அமைந்தபின் மேலேயும் ஆடினேன். மூன்று நகர்த்தல்கள் மிச்சம்.

உதிர்தொடருக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்து, நகர்த்த வழியில்லாதபோது பலகை தானே மாற்றியடுக்குகிறதே, அந்த ஷஃபிளுக்குச் சீட்டாட்டத்தில் நாம் சொல்லும் ‘கலைத்துப்போடல்’ போதும் என்று நினைக்கிறேன்.