மறு: ‘ஒளியியல் படிமமாக்கல்’ – வேறு சொல் உண்டா?

> ஆப்டிகல் இமேஜிங்குக்கு ‘ஒளிப்படிமம்’ போதாதா ஐயா? ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

மூளை அறுவையின்போது, பேச்சு போன்ற வேலைகளுக்குரிய இடங்களை ஒளிகொண்டு படமெடுத்துக் காட்டும் முறைக்குத்தான் பெயர் தேடுகிறோம். அதற்கு அச்சொல் போதாது என்றே நினைக்கிறேன். முதல் காரணம் நம் நாக்கு. மூளை அறுவையில் மீயொலிக் (அல்ட்ராசவுண்ட்) கருவியும் பயன்படுகிறது. அது தருவது ஒலிப்படிமம், இது தருவது ஒளிப்படிமம். லகர ளகரத்தை நம்பி இவ்விரண்டு சொற்களையும் ஒரே அறுவை அறைக்குள் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. ‘ஒளிப்படம்’ என்று சுருக்கினாலோ, அது போட்டோ!

இன்னொன்று, ஒளியால் பார்க்கும் முறை இது மட்டுமா? 5-அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கக் கொடுத்து, நீல ஒளியில் கட்டியைச் சிவப்பாக ஒளிரவைப்பதும் ஒளிவழி முறைதான். அது காட்டுவது கட்டியை. நாம் பெயர் தேடும் முறை காட்டுவது பேச்சுக்கோ கைவிரலுக்கோ உரிய, கத்தி படக்கூடாத இடத்தை.

எனவே எதைக் கொண்டு பார்க்கிறோம் என்பதை விட்டுவிட்டு, எதைப் பார்க்கிறோம் என்பதிலிருந்து சொல்லைத் தொடங்கலாம். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே குருதியோட்டம் கூடும் என்ற கருத்தை ராய், ஷெரிங்டன் என்ற ஆய்வாளர்கள் 1890இலேயே எழுதினார்கள். இங்கே, திறந்த மூளையின்மேல் ஒளி பாய்ச்சி, அறுவை நுண்ணோக்கியில் பொருத்திய கேமராவால் தொடர்ந்து படமெடுக்கிறார்கள். விழித்திருக்கும் நோயாளி பொருள்களின் பெயரைச் சொல்வார். அல்லது கைநரம்பை மின்சாரத்தால் தூண்டுவார்கள். சில நொடிகளில் அதற்குரிய இடத்தின் நிறம் மாறும். குருதியில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் 600 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவது ஒரு முக்கியக் காரணம். மாற்றம் சிலவேளை நூற்றில் ஒரு பங்குகூட இராது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஹாக்லண்ட், ஓஜிமன், ஹாக்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1992இல் மனித மூளையில் இதைக் காட்டினார்கள். வெளியிலிருந்து சாயம் எதுவும் இடவில்லை. குருதியின் சொந்த நிறமே சாயம்.

ஆகவே என் முன்மொழிவு: புறணி நிறவரைவு. புறணி என்பது மூளையின் மேலடுக்கு, அதாவது கார்டெக்ஸ்.

> ‘புறணி’ என்றால் ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசுவது என்றல்லவா நினைப்பார்கள்?

நினைக்கட்டும். பெருமூளைப் புறணி பாடநூலில் பழகிய சொல்தான். தவிர, நரம்பணு வேலை செய்ததை நரம்பணுவே இங்கு சொல்வதில்லை; பக்கத்து இரத்தக்குழாய் சொல்லித்தான் தெரிகிறது. புறணி பேசுவதும் அதுதானே!

‘வரைவு’ என்பது மூளை மின்னலை வரைவிலேயே (ஈஈஜி) பழகியதால் அதில் சிக்கல் வராது. ‘அறுவையின்போது’ என்ற பொருள் இதில் இல்லை என்பது குறைதான். தேவைப்படும் இடத்தில் ‘அறுவைநேரப் புறணி நிறவரைவு’ என்று முழுப்பெயராக எழுதலாம்.

இதயத்துடிப்போடும் மூச்சோடும் மூளை ஏறியிறங்குவதால் படத்தில் விழும் பிழைக்கும் ஒரு சொல் வேண்டும். ‘துடிப்பசைவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் மூச்சு அதில் விடுபடுகிறது. யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.