ட்ரைப் எடுத்த மதுரைப் படங்களை நம்ம நூலகத்துல மாட்டலாமா?

பாளைக்காரன்:
லின்னேயஸ் ட்ரைப் எடுத்த மதுரைப் படங்களோட நகலை எங்க தெரு நூலகச் சுவர்ல மாட்டணும்னு ஒரு பேச்சு ஓடுது. எனக்குச் சம்மதமில்லை. 1856-ல சென்னை மாகாண அரசு போட்டோ எடுக்கச் சம்பளம் கொடுத்து வச்ச வெள்ளைக்காரர் அவர். கிழக்கிந்தியக் கும்பினிக்கு நம்ம கோயில்மேல பக்தியா? ஆளுற சீமையைப் பட்டியல் போட்டு வைக்கணும், அவ்வளவுதான். மதுரையில ஜனம் இல்லாத நேரம் உண்டா? படத்துல மண்டபம் பூரா காலி. பாழடைஞ்ச ஊருன்னுதானே லண்டன்ல பார்த்தவன் நினைச்சிருப்பான்?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
தம்பி, அதுக்குக் காரணம் கேமரா. மெழுகு பூசின காகித நெகடிவ்ல படம் பதிய நிமிஷக்கணக்குல ஆகும். நடமாடுறவங்க அதுல விழமாட்டாங்க. நாயக்கர் மகாலையே எடுத்துக்கிடுங்க. நேப்பியர் கவர்னரா இருந்தப்போ (1866–72) அதைப் பழுதுபார்த்தாங்க. அதுக்கு முன்னால தூணும் வளைவும் எப்படிச் சிதைஞ்சு நின்னுச்சுன்னு பார்க்க, 1858-ல வந்த ட்ரைப் படங்கள் இருக்கு. அதைப் போய் வேண்டாங்கீங்களே!

பாளைக்காரன்:
வானம் வெறிச்சுனு இருக்குன்னு நெகடிவ்ல கையாலேயே மேகம் வரைஞ்சவர் அண்ணாச்சி அவர். அவ்வளவு மெனக்கெட்டவருக்கு, ஒரு பூக்காரியைக் கூப்பிட்டு "கொஞ்சம் அசையாம நில்லும்மா"ன்னு சொல்ல மனசு வரலையே.

கருங்குளத்துப் பொண்ணு:
நம்ம பக்கத்துக் கதையையும் சேர்த்துப் பேசுங்க. 1858 தொகுப்புகள்ல மதுரை, தஞ்சாவூர், திருச்சி, சீரங்கம், புதுக்கோட்டை எல்லாம் உண்டு. திருநெல்வேலிக்குன்னு ஒண்ணு கிடையாது. 1792-ல இங்க வந்த இங்கிலீஷ் ஓவியர்கள் டேனியல்களுக்குப் பாபநாசம் அருவியும் குற்றாலமும் போதுமா இருந்துச்சு. 1876-ல ஜெர்மன்காரர் யாகோர் வந்து, பழங்காலத்து முதுமக்கள் தாழி புதைஞ்சு கிடந்த ஆதிச்சநல்லூரைத் தோண்டினார். எடுத்த பொருளெல்லாம் பெர்லினுக்குப் போயிட்டு. எனக்கு அதுதான் ஆறலை. படம் எடுத்தவராவது கல்லை அது இருந்த இடத்துலயே விட்டுட்டுப் போனார்.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
அப்படிச் சொல்லும்மா! தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்துக்கு அடியில ஓடுற கல்வெட்டை ட்ரைப் துண்டு துண்டா எடுத்து, 21 படத்தை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். அதுல பாழும் இல்லை, பரிதாபமும் இல்லை. வரி வரியா எழுத்துதான்.

பாளைக்காரன்:
அந்த நீளப் படத்தை மாட்டுங்க, நானே வந்து ஆணி அடிக்கேன். காலி மண்டபம்தான் வேணும்னா, மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்கிற புதுமண்டபத்துல தையல்காரங்க மெஷின் ஓடிக்கிட்டிருந்த காலத்துப் படம் ஒண்ணும் அதே அளவுல பக்கத்துல இருக்கணும். இல்லைன்னா கூட்டத்துல எழுந்து நின்னு வேண்டாம்னுதான் சொல்லுவேன்.