துண்டுத்துணிப் போர்வை: சதுரமும் முக்கோணமும் அளவு சேரவில்லை, துணியும் மிச்சமில்லை

அம்பை ஊசிநூல் கேட்டது:

சிங்கிள் கட்டிலுக்கு 60 × 90 இஞ்ச்சில் ஒட்டுப் போர்வை. தைத்து முடித்தபின் ஒரு கட்டம் 6 இஞ்ச். அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150 கட்டம். 75 வெறும் சதுரம், பழைய வீரவநல்லூர் கைத்தறிச் சேலையில் வெட்டியது. மீதி 75 கட்டம் மெரூன் பாப்ளின், கிரீம் பாப்ளின் முக்கோணம் ஒவ்வொன்று சேர்ந்தது. ஒன்று விட்டு ஒன்று வரவேண்டும்.

சேலைச் சதுரம் எல்லாம் 6½ இருக்கணும். ஆறு மடிப்பாகப் போட்டுக் கத்திரியால் வெட்டியதில் 22 சதுரம் 6¼தான் இருக்கிறது. ஒன்றில் ஓரத்திலிருந்து உள்நோக்கி அரை இஞ்ச்சுக்குக் கத்திரி பாய்ந்துவிட்டது. முக்கோணத்துக்கு இரண்டு நிறத்திலும் 38 சதுரம் 6½ அளவில் வெட்டி, மூலைக்கு மூலை அறுத்தாயிற்று. இன்னும் தைக்கவில்லை, ஆனால் சேர்த்து வைத்துப் பார்த்தால் சின்னதாக வரும்போலத் தெரிகிறது. பார்டருக்கு மெரூனில் 2½ இஞ்ச் பட்டை 8 வெட்டினேன். விரித்தால் ஒவ்வொன்றும் நடுவில் முழங்கை மாதிரி வளைந்து நிற்கிறது.

சேலை இனிக் கிடைக்காது. மெரூனிலும் அந்தச் சாயம் இப்போது கடையில் இல்லை. இருக்கிறதை வைத்து ஒப்பேற்ற வழி சொல்லுங்கள்.

பாளை தையல்வகுப்பு:

இனி எதையும் வெட்டாதீர்கள். 6½ ஒரு அடுக்கு, 6¼ ஒரு அடுக்கு, கத்திரி பாய்ந்தது தனி என்று பிரித்து வையுங்கள்.

முக்கோணம் சின்னதாகத்தான் வரும். சதுரத்தை மூலைக்கு மூலை அறுத்தால், முடிந்த அளவோடு ⅞ இஞ்ச் கூட்டி வெட்டியிருக்க வேண்டும். 6 இஞ்ச் கட்டத்துக்கு 6⅞. வெறும் சதுரத்துக்குப் பக்கத்துக்குக் கால் இஞ்ச் தையலுக்காக ½ கூட்டினால் போதும், ஏனென்றால் தையல் நேர் ஓரத்தில் மட்டும் போகிறது. முக்கோணத்தில் சாய்ந்த ஓரத்திலும் ஒரு தையல் விழுகிறது, அது கூடுதலாக ⅜ தின்னும். உங்கள் 6½ சதுரத்தில் செய்த கட்டம் 6⅛ ஆக நிற்கும். பக்கத்துக் கட்டங்களோடு தைத்து முடித்தால் 5⅝.

ஆகவே எல்லாவற்றையும் 6⅛க்கு இறக்கிவிடுங்கள். குறைந்துபோன 22 சதுரமும் அதில் தாராளமாக அடங்கும், இனி அது பிழையே இல்லை. கட்டங்கள் மட்டும் 56¼ × 84⅜ வரும். பார்டர் பட்டை 2½, தைத்தபின் 2 இஞ்ச். நான்கு பக்கமும் சேர்த்தால் 60¼ × 88⅜. நீளத்தில் ஒன்றரை இஞ்ச்சுக்கும் கொஞ்சம் அதிகமாகக் குறையும், கட்டிலில் விரித்தால் யாருக்கும் தெரியாது.

பட்டை வளைந்ததற்குக் காரணம் கத்திரி இல்லை, மடிப்பு. துணியை நடுவில் மடித்து இரண்டு கரையையும் சேர்த்தால் மட்டும் போதாது. மடிப்பு சுருக்கமில்லாமல் தொங்க வேண்டும், வெட்டுக்கோடு மடிப்புக்குச் சரியாகச் செங்குத்தாகப் போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் அதே சாய்வு மடிப்புக்கு அந்தப் பக்கம் எதிர்த்திசையில் விழும், பட்டை அங்கே முறியும். எல் ஸ்கேலை மடிப்பில் உட்கார வைத்துக் கோடு போட்டால் இது வராது. இப்போது செய்ய வேண்டியது, ஒவ்வொரு பட்டையையும் வளைவில் குறுக்கே வெட்டி இரண்டாக்குவது. பாதி நேராகத்தான் இருக்கும். 44 இஞ்ச் அகலத் துணியென்றால் கரை நீக்கி ஆளுக்கு 21 இஞ்ச் கணக்கில் 16 துண்டு. நேர்த்தையலில் எல்லாவற்றையும் ஒரே நாடாவாகச் சேருங்கள், ஒரு சேர்ப்புக்கு அரை இஞ்ச் போனாலும் 328½ கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது 291¼ (பக்கத்துக்கு 84⅞ இரண்டு, மேலும் கீழும் 60¾ இரண்டு). சாய்த்துச் சேர்த்தால் பார்க்க அழகு, ஆனால் ஒரு சேர்ப்பு 2½ இஞ்ச் சாப்பிடும், நாடா 298½க்கு வந்து நிற்கும். போதும், ஆனால் ஒரு துண்டு கெட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். நேராகவே போங்கள்.

சங்கரன்கோவில் தறி:

அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனா அந்த 6⅛ங்கிறது தையல் சரியா கால் இஞ்ச்சுல போனாத்தான். பழைய கால்மிதி மெஷின்ல பாதத்தோட ஓரத்தை வச்சுத் தச்சா கால் இஞ்ச்னு நம்ப முடியாது. ஊசியிலிருந்து பாத ஓரம் வரைக்கும் சில மெஷின்ல ⅜கூட இருக்கும். அப்படித் தச்சா முக்கோணக் கட்டம் 6 இஞ்ச்சுக்கும் கீழ போயிரும். அதுக்குள்ள சேலைச் சதுரத்தை எல்லாம் 6⅛ஆ நறுக்கி வச்சிருந்தா மறுபடியும் தலைவலி.

அதனால மொதல்ல மெஷினைச் சோதிங்க. வேண்டாத துணியில 1½ இஞ்ச் பட்டை மூணு வெட்டிப் பக்கத்துல பக்கத்துல தைங்க. நடுப் பட்டை சரியா 1 இஞ்ச் இருக்கணும், மொத்தம் 3½. கூடக் குறைய இருந்தா, ஊசிக்கு வலது பக்கம் கால் இஞ்ச் அளந்து தட்டுல டேப் ஒட்டிருங்க, துணி ஓரத்தை அதுல உரசி ஓட்டுங்க. 38 சதுரத்துல 76 கட்டம் வரும், உங்களுக்கு வேண்டியது 75. அந்த உபரி ஒண்ணை வெள்ளோட்டத்துக்கு வச்சுக்கிடுங்க. அப்புறம் 75ஐயும் தச்சு, அயர்ன் போட்டு, அதுல எது ரொம்பச் சின்னதோ அதை அளந்து, அந்த அளவுக்குத்தான் சேலையை வெட்டணும். அதுவரைக்கும் சேலையைத் தொடவே வேண்டாம்.

முக்கோணத்தோட நீள ஓரம் கிராஸ்ல, அதாவது இழைக்குச் சாய்வா இருக்கு. தொட்டாலே இழுபடும். தண்ணில முக்கிக் கஞ்சி போட்டா கோணிக்கிடும், வெட்டுன பிறகு அது கூடாது. ரெண்டு டீஸ்பூன் ஜவ்வரிசியை அரை லிட்டர் தண்ணில கண்ணாடி மாதிரி ஆகுற வரை காய்ச்சி, மெல்லிசுத் துணியில வடிகட்டி, ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி லேசாத் தெளிங்க. ஒரு நிமிஷம் ஊறவிட்டு அயர்னை மேல வச்சு எடுங்க, இழுக்காதீங்க. அயர்னை உரசி ஓட்டினா அந்த ஓரம் அலையடிச்சுப் போகும். தைக்கிறப்ப எந்த முக்கோணம் கூட இழுபட்டு நீண்டிருக்கோ அது அடியில இருக்கணும், மெஷின் பல்லு உபரியைத் தானா உள்வாங்கும். தச்சதும் விரிக்காம ஒருதரம் அழுத்திட்டு, அப்புறம் மடிப்பை மெரூன் பக்கமாச் சாய்ங்க. கிரீம் பக்கம் சாய்ச்சா மெரூன் நிழல் மாதிரி தெரியும்.

தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் நேரமா இருந்தா கஞ்சி போட்டதை ஈரமா அடுக்கி வைக்காதீங்க, பூஞ்சை விழுந்துரும். போர்வை முடிஞ்சதும் துவைச்சுத்தான் பெட்டியில வைக்கணும், இல்லன்னா கஞ்சிக்குப் பூச்சி வந்து சேரும்.

டவுண் கட்பீஸ்:

எனக்கு ஒரு மாற்று யோசனை உண்டு, ஆனா 75க்கு அது சரிப்படாது, சொல்லி வைக்கிறேன். சதுரத்தைச் சின்னதாக்குறதுக்குப் பதிலா, முக்கோணக் கட்டத்தை 6½க்குப் பெருசாக்கலாம். பக்கத்தோட ஒட்டுன ரெண்டு ஓரத்துல மட்டும் வேற நிறத்துல 1¼ இஞ்ச் பட்டை தச்சு, அப்புறம் 6½க்குச் சதுரமா வெட்டணும். நாலு பக்கமும் பட்டை வச்சா கண்ணுக்குத் தெரியுற அளவு நூலிழைதான், அசிங்கமா இருக்கும். பத்துப் பதினஞ்சு கட்டம்னா இது நல்ல சோலி. 75க்கு 150 தையல் கூடும், அதுக்குப் பாளை மதினி வழியே மேல்.

கால் இஞ்ச் குறைஞ்ச சதுரத்துல ஓரத்தை ஒட்டித் தச்சுச் சமாளிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. ⅛ விட்டுத் தைக்கிறது நெருக்கமா நெய்த பாப்ளின்ல தாங்கும், அதுவும் தையலைப் பொடிசா வச்சா. பழைய கைத்தறிச் சேலையில அது நாலு துவைப்புக்கு வராது, ஊடை இழை ஒவ்வொண்ணா வெளிய வந்துரும். அதைத் தொடாதீங்க.

கத்திரி பாய்ஞ்ச சதுரத்தைத் தூக்கிப் போட வேண்டாம். 6½லிருந்து 6⅛க்கு வர ⅜ வெட்டணுமில்ல, அந்த ⅜ முழுசையும் கிழிஞ்ச பக்கத்துலயே எடுங்க. அதுக்கு எதிர்ப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். மிச்சம் ⅛ கிழிசல்தான் நிக்கும், அது கால் இஞ்ச் தையலுக்குள்ள ஒளிஞ்சுக்கிடும். அந்த இடத்துக்குப் பின்னால காலர்க்கு ஒட்டுற மெல்லிசு கேன்வாஸ் ஒரு விரல் அகலம் அயர்ன்ல ஒட்டிட்டுத் தைங்க. குறுக்குவாட்டுலயும் ஒரு ஓரத்துல மட்டும் எடுக்கணும்: அகலத்துல ⅜, நீளத்துல ⅜, எந்த ரெண்டு ஓரம்னு முதல்லயே சாக்கால குறிச்சுக்கிடுங்க.

மத்த சதுரத்துல சேலைப் பூ நடுவுல இருந்தா நாலு பக்கமும் சமமாச் சீவுங்க, பக்கத்துக்கு ⅜ல பாதி. பூ இல்லன்னா ரெண்டு பக்கத்துல மட்டும் எடுங்க, வேலை பாதி மிச்சம். கோடு எப்படிப் போகணும்னு சந்தேகம் இருந்தா ஓரத்துல ஒரு இழையை உருவிப் பாருங்க, அது விட்டுட்டுப் போன தடம்தான் நேர்கோடு. இந்தத் தடவை ரெண்டு மடிப்புக்கு மேல வேண்டாம். கத்திரியோட கீழ்வாய் துணியைத் தூக்கித்தான் வெட்டும், ஆறு மடிப்புல அடியில கிடக்குறது நகர்ந்துக்கிட்டே போகும். பைய வெட்டுங்க.

அம்பை ஊசிநூல்:

மூவருக்கும் நன்றி. மெஷினைச் சோதித்துப் பார்த்தேன், நடு பட்டை 1 இஞ்ச்சுக்குக் குறைவு, டேப் ஒட்டிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். மெரூன் சாயம் போகுமா என்று பயம், வெட்டிய துண்டுகளைத் துவைத்துப் பார்க்கலாமா? அடித்துணிக்கு 60 × 90 விசைத்தறி பெட்ஷீட் ஒன்று வைத்திருக்கிறேன், அது போதுமா?

சங்கரன்கோவில் தறி:

வெட்டுன துண்டைத் துவைக்காதீங்க, ஓரம் எல்லாம் நூலாகிரும், அளவும் போயிரும். சீவித் தள்ளுன மெரூன் துணுக்கை நனைச்சு, வெள்ளைத் துணி ரெண்டுக்கு நடுவுல வச்சு அயர்ன் போடுங்க. வெள்ளையில நிறம் ஏறினா சாயம் போகும்னு அர்த்தம். கல்லுப்புல ஊறவச்சா நிக்கும்னு சொல்வாங்க, ஏற்கெனவே ஏத்துன சாயத்தை உப்பு பிடிச்சு வைக்காது. அப்படி நிறம் ஏறுச்சுன்னா, முடிஞ்ச போர்வையை நிறையத் தண்ணில, வேகமா அலசி, ஈரமா மடிச்சு வைக்காம உடனே விரிச்சுக் காயப் போடணும். கிரீம்ல கறை பிடிக்கிறது துவைக்கும்போதைவிட ஈரமா குவிச்சு வைக்கும்போதுதான் அதிகம்.

அந்த மெரூன் துணுக்குல 4 இஞ்ச் சதுரம் மை வச்சுக் குறிச்சு, நனைச்சுக் காயவச்சு அளந்தும் பாருங்க. பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிச்சிருக்கும், புதுப் பாப்ளின் இன்னும் சுருங்கும். சதுரத்துல கொஞ்சம்தான் குறைஞ்சா கவலை வேண்டாம். ⅛க்கு மேல குறைஞ்சா, தைக்கிறதுக்கு முன்னாடி எல்லா முக்கோணத்துக்கும் தண்ணி தெளிச்சுச் சூடா அழுத்தி எடுத்துருங்க. அப்புறம் அளவு இன்னும் குறைஞ்சாலும், சேலைச் சதுரத்தைக் கடைசியில வெட்டுறதால அது கணக்குல வந்துரும்.

பாளை தையல்வகுப்பு:

60 × 90 அடித்துணி போதாது. மேல்துணி 60¼ × 88⅜ வரும், அடித்துணி எல்லாப் பக்கமும் 2 இஞ்ச்சாவது வெளியே நிற்க வேண்டும். கையால் ஓட்டத்தையல் போடும்போது மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்று அடுக்கும் நகரும், அந்த உபரி இல்லையென்றால் ஒரு பக்கம் அடித்துணி உள்ளே ஓடிப் பஞ்சு வெளியே தெரியும். மெஷினில் கோடு ஓட்டுவதாக இருந்தால் 3 இஞ்ச், அதாவது சுமார் 66½ × 94½.

பெட்ஷீட்டை மாற்ற வேண்டாம். நீளவாக்கில் நடுவில் அறுத்து, இடையில் 8 இஞ்ச் அகலத்தில் ஏதாவது சாரத் (லுங்கி) துணியைச் சேர்த்துத் தையுங்கள், அகலம் 67 வந்துவிடும். நீளத்துக்கு ஒரு முனையில் 5½ இஞ்ச் பட்டை, 95 ஆகும். நடுவில் விழும் இரண்டு தையலும் மேல்துணித் தையலுக்கு நேரே வராமல் ஒரு இஞ்ச்சாவது தள்ளி நிற்கட்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் மடிப்பு கனத்து ஊசி முறியும்.