எபிக்கில் இலவசமாக வந்த விளையாட்டு: விரிவாக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இரவுக்காவலன் | 22 டிசம்பர் 2024, இரவு 10:14

2020 மே மாதம் எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடை, சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. ஊரடங்கு நேரம், நானும் எடுத்து வைத்தேன். நான்கரை ஆண்டு தூங்கிய விளையாட்டை இந்த மாதம்தான் திறந்தேன், பிடித்துக்கொண்டது. இப்போது 'ரைஸ் அண்ட் ஃபால்', 'கேதரிங் ஸ்டார்ம்' என்ற இரண்டு பெரிய விரிவாக்கங்களும் வேண்டும். ஒரு கடையில் வாங்கிய விரிவாக்கம் இன்னொரு கடையின் மூல விளையாட்டோடு சேராதாம். ஆகவே ஸ்டீம் என்ற இன்னொரு கடைக்குப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டும். இலவசமாகக் கையில் இருப்பதையே மறுபடி காசு கொடுத்து வாங்குவது முட்டாள்தனமா? ஸ்டீமின் குளிர்காலத் தள்ளுபடி ஜனவரி 2 வரைதான்.

கணக்குப்பிள்ளை | 22 டிசம்பர், இரவு 10:31

முட்டாள்தனம்தான். எபிக்கிலேயே இரண்டு விரிவாக்கங்களை வாங்கிவிட்டு வேலையைப் பாருங்கள். வாங்கும் தொகையில் 5 சதவீதம் அடுத்த முறைக்குத் திரும்ப வரும். விளையாட்டு திறந்த பிறகு அது எந்தக் கடைச் சரக்கு என்று திரையில் எங்கே எழுதியிருக்கிறது? நான் நான்கு கடைகளில் வாங்குகிறேன். எது எங்கே இருக்கிறது என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: பெயர், கடை, தேதி, கொடுத்த விலை, அதுவரை வந்த குறைந்த விலை. கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் எதையும் வாங்குவதில்லை. இன்னொன்று, விற்பனையில் எபிக் எடுத்துக்கொள்ளும் பங்கு 12 சதவீதம். ஸ்டீம் எடுப்பது 30. உருவாக்கியவருக்கு அதிகம் போகட்டுமே.

செங்கோட்டை_ராஜா | 22 டிசம்பர், இரவு 11:05

கணக்குப்பிள்ளை அண்ணா, பாதிக் கணக்குதான் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீமில் 30 என்பது ஒரு விளையாட்டு முதல் 1 கோடி டாலர் விற்கும் வரை. அதற்கு மேல் 25, 5 கோடியைத் தாண்டினால் 20. எபிக் கடை திறந்த அதே 2018-இன் கடைசியில்தான் ஸ்டீம் இப்படி இறங்கி வந்தது. சிவிலைசேஷன் போன்ற பெரிய நிறுவனத்துப் பொருளுக்கு அந்த வித்தியாசத்தை நினைத்துக் கண்ணீர் விட வேண்டாம்.

இரவுக்காவலன் கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்க முழு விலையைப் பாருங்கள். மூல விளையாட்டு 60 டாலர், ரைஸ் அண்ட் ஃபால் 30, கேதரிங் ஸ்டார்ம் 40. ஆக, விரிவாக்கங்கள் இரண்டும் சேர்ந்தாலே மூலத்தைவிட விலை அதிகம். தள்ளுபடி நாள்களில் ஆழமாக விழுவதும் மூல விளையாட்டுதான், 90 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. யானையைச் சும்மா கொடுத்துவிட்டு அங்குசத்தை யானை விலைக்கு விற்கும் வியாபாரம் இது. தம்பி மறுபடி வாங்கத் தயங்கும் அந்த ஒன்றுதான் பட்டியலிலேயே மலிவான பொருள்.

அதை வாங்கிவிட்டால் ஸ்டீம் வொர்க்‌ஷாப் முழுவதும் உங்களுக்கு: ரசிகர்கள் செய்து போடும் மோட் என்ற துணைநிரல்கள் கிடைக்கும் இடம் அது. நகரப் பட்டியலை ஒழுங்காகக் காட்டும் மோட், வணிகப் பாதைகளை வரிசைப்படுத்தும் மோட் எல்லாம் ஒரு சொடுக்கில் இறங்கும், தானே புதுப்பித்துக்கொள்ளும். எபிக் பதிப்பில் அவற்றை வேறெங்கோ தேடிப் பதிவிறக்கி, கோப்புறையில் கையால் போட வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மறுபடி அதே வேலை.

கணக்குப்பிள்ளை | 22 டிசம்பர், இரவு 11:20

மோட் போடாமல் விளையாடவே முடியாதா? இருபது நாளாக விளையாடுகிறார், பிடித்திருக்கிறது என்கிறார்.

பழைய_ஃப்ளாப்பி | 23 டிசம்பர், காலை 6:48

இருவரும் வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சண்டை போடுகிறீர்கள். கலிஃபோர்னியாவில் செப்டம்பரில் கையெழுத்தான சட்டம் ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வருகிறது. விற்பது சொந்தமாக அல்ல, பயன்படுத்தும் உரிமம்தான் என்றால் 'வாங்குங்கள்' என்ற சொல்லை விளக்கமின்றிப் போடக் கூடாது என்கிறது. அக்டோபரிலேயே ஸ்டீம் தன் கூடைப் பக்கத்தில், நீங்கள் பெறுவது உரிமம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. 2014-இல் வந்த 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் இந்த ஆண்டு மார்ச் 31-இல் நிறுத்தியது. பிறகு வாங்கியவர்களின் உரிமத்தையே திரும்ப எடுத்துக்கொண்டது. தனியாக விளையாடுகிறவனுக்கும் அது இப்போது ஓடாது.

நான் ஜி.ஓ.ஜி. என்ற கடையில் மட்டும் வாங்குகிறேன். நிறுவும் கோப்பை இறக்கி வன்தட்டில் வைத்துவிட்டால் இணையமும் வேண்டாம், கடையும் வேண்டாம். 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால், விளையாடியிருந்தாலும் பணம் திரும்பும். விட்சர் 3 விளையாட்டை இரண்டு விரிவாக்கங்களோடும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | 23 டிசம்பர், காலை 8:02

ஐயா, நல்ல விஷயம்தான். ஆனால் கேட்டது சிவிலைசேஷன் 6. அது ஜி.ஓ.ஜி.யில் உண்டா?

பழைய_ஃப்ளாப்பி | 23 டிசம்பர், காலை 8:30

இல்லை. நான்காம் பாகம் இருக்கிறது. அதுவே போதும் என்பது என் கருத்து.

செங்கோட்டை_ராஜா | 23 டிசம்பர், காலை 8:41

இட்லி கேட்டவனுக்குப் பழைய சோறு நல்லது என்கிறீர்கள். பழைய சோறு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜி.ஓ.ஜி.யில் டாலரில் கட்ட வேண்டும். வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும், அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. போடும். மலிவான பழைய விளையாட்டுகளில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முடிகிறது. ஸ்டீமில் ரூபாய் விலை, யு.பி.ஐ.யில் கட்டிவிடலாம்.

நல்லூரான் | 23 டிசம்பர், பிற்பகல் 1:17

ரூபாய் விலை உங்களுக்கு. இலங்கையில் இருக்கிற எங்களுக்கு ஸ்டீம் தெற்காசிய டாலர் விலைதான் காட்டுகிறது. பல விளையாட்டுகளுக்கு அது இந்திய விலையைவிடக் கூடுதல். 2022-இல் எங்கள் ரூபாய் சரிந்தபோது அதே விளையாட்டு ஒரே மாதத்தில் என்ன விலைக்குப் போனது என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் கீ, அதாவது விளையாட்டைத் திறக்கும் குறியீடு, விற்கும் சந்தைத் தளங்களில் வாங்குகிறேன். பாதி விலை. ஸ்டீமில் கீயைத் தட்டினால் விளையாட்டு வந்துவிடுகிறது. இதுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீனா_எழில் | 23 டிசம்பர், மாலை 6:55

எனக்கு ஆகியிருக்கிறது. தளத்தின் பெயர் வேண்டாம். ஒரு கட்டட விளையாட்டின் கீ, தள்ளுபடி விலையிலும் பாதி. தட்டினேன், பச்சை டிக் வந்தது, மூன்று வாரம் ஆசையாக விளையாடினேன். ஒரு சனிக்கிழமை காலை ஸ்டீமில் என் விளையாட்டுப் பட்டியலில் அந்த வரியே இல்லை. நான்தான் தற்செயலாக மறைத்துவிட்டேனோ என்று அமைப்புகளுக்குள் அரை மணி நேரம் தேடினேன். பிறகுதான் கீ ரத்து என்ற அறிவிப்பைக் கவனித்தேன். விற்றவரின் கணக்கு அதற்குள் மூடப்பட்டிருந்தது. வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் திருப்பாது.

இது என் ஒருத்தி கதை மட்டும் இல்லை. ஃபேக்டோரியோ விளையாட்டை உருவாக்கிய வூப் நிறுவனம் புகார் செய்து, தணிக்கை நடந்து, முறைகேடாகப் பெற்ற 198 கீகள் தன் சந்தையில் விற்கப்பட்டதை ஜி2ஏ என்ற கீ விற்பனைத் தளம் 2020-இல் ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 39,600 டாலர் கொடுத்தது. திருட்டுக் கடன் அட்டையில் கீயை வாங்கி விற்றுவிடுவார்கள். அட்டைக்காரர் பணத்தைத் திரும்பக் கேட்டதும் அந்தச் செலவு உருவாக்கியவர் தலையில்.

நல்லூரான் | 23 டிசம்பர், இரவு 7:30

சரி அக்கா, அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் விலைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. நேர்மையாக வாங்கச் சொல்கிறவர்கள் எங்கள் சம்பளத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மீனா_எழில் | 23 டிசம்பர், இரவு 7:52

நியாயம். அதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ஹம்பிள், ஃபனாடிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்ற கடைகள் வெளியீட்டாளரிடமிருந்தே ஸ்டீம் கீயை எடுத்து விற்கின்றன. அப்படி வெளியே விற்கும் கீக்கு ஸ்டீம் பங்கு கேட்பதில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் குறைத்துத் தர அவர்களால் முடிகிறது. உங்கள் நாட்டில் செல்லுமா என்று கீயின் குறிப்பில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுக்காவலனும் கவனிக்கலாம்: வாங்கும் கடையும் விளையாடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை | 23 டிசம்பர், இரவு 8:10

இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் நோட்டில் ஃபனாடிக்கலுக்கே ஒரு பக்கம் இருக்கிறது. இருந்தாலும் என் கட்சி மாறவில்லை. அவர் இன்று வாங்கவே வேண்டாம். ஏழாம் பாகம் பிப்ரவரி 11-இல் வருகிறது. புதியது வந்தால் பழையது இன்னும் இறங்கும்.

செங்கோட்டை_ராஜா | 23 டிசம்பர், இரவு 8:26

இறங்கலாம். எல்லாப் பொருளும் காத்திருப்பவனுக்கு இறங்குவதில்லை. ஃபேக்டோரியோ இன்றுவரை தள்ளுபடியே கொடுத்ததில்லை. 2023 ஜனவரியில் 30 டாலரிலிருந்து 35 ஆக ஏறியது. இந்த அக்டோபரில் வந்த அதன் விரிவாக்கமும் 35. 2019-இல் தள்ளுபடிக்குக் காத்திருக்கிறேன் என்றவன் இன்று கூடுதலாகக் கொடுக்கிறான். ஆலன் வேக் விளையாட்டு 2017 மே மாதம் 90 சதவீதத் தள்ளுபடியோடு கடையை விட்டே போனது, பாட்டுகளின் உரிமம் முடிந்ததால். திரும்பி வர அடுத்த ஆண்டு அக்டோபர் ஆனது.

கணக்குப்பிள்ளை | 23 டிசம்பர், இரவு 8:40

அவை விதிவிலக்குகள். ஆடித் தள்ளுபடியில் விலைச்சீட்டை மாற்றி ஒட்டிக் குறைப்பதுபோல இங்கேயும் நடக்குமோ என்ற பயம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. 2022 முதல் ஸ்டீமில் விலையை ஏற்றினால் அடுத்த 30 நாள் தள்ளுபடி தர முடியாது. சில மணி நேரம் மட்டும் இருந்து மறையும் மின்னல் தள்ளுபடிகளும் 2015-க்குப் பிறகு போய்விட்டன. அவசரப்படுத்தும் கடிகாரம் இப்போது நம் தலைக்குள்தான் ஓடுகிறது.

இரவுக்காவலன் | 23 டிசம்பர், இரவு 9:33

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. செங்கோட்டை அண்ணனின் அங்குசக் கணக்கு மண்டையில் ஏறிவிட்டது. ஸ்டீமுக்கே சாய்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். எபிக்கில் இப்போது 187-ஆவது சுற்றில் இருக்கிறேன். ஒன்பது நகரங்கள், விண்வெளித் திட்டம் தொடங்கப் போகிறேன். எபிக்கிலேயே விரிவாக்கத்தை வாங்கினால் இதே ஆட்டத்தில் அதிலுள்ள புயலும் வெள்ளமும் வந்துவிடும் அல்லவா? இந்த ஒரு காரணம்தான் என்னைப் பிடித்து இழுக்கிறது.

மீனா_எழில் | 23 டிசம்பர், இரவு 9:41

வராது. எந்த விதித்தொகுப்பில் ஆடுகிறோம் என்பதைப் புதிய ஆட்டம் தொடங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய விதியில் தொடங்கிய ஆட்டம் கடைசிவரை பழைய விதியில்தான் ஓடும். எந்தக் கடையில் வாங்கினாலும் இதுதான்.

செங்கோட்டை_ராஜா | 23 டிசம்பர், இரவு 9:44

ஸ்டீமில் பணம் திரும்பப் பெறலாம் என்று நம்பி அவசரமாகத் தொடங்கவும் வேண்டாம். 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் அது. எபிக்கிலும் அதே அளவுதான். இந்த விளையாட்டில் இரண்டு மணி நேரத்தில் இரண்டாவது நகரத்துக்கு மதில்கூட எழும்பியிருக்காது.

இரவுக்காவலன் | 23 டிசம்பர், இரவு 10:02

அப்படியானால் முதலில் ராக்கெட்டை ஏவிவிட்டு வருகிறேன். நம் நேரத்தில் ஸ்டீம் தள்ளுபடி எத்தனை மணிக்கு முடியும்?

கணக்குப்பிள்ளை | 23 டிசம்பர், இரவு 10:05

ஜனவரி 2, இரவு பதினொன்றரை. வாங்கியதும் என்ன விலை என்று சொல்லுங்கள், நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.