ரெஸ்ட்ரிக்‌ஷன், மாடிஃபிகேஷன்: மறிப்பும் ஓம்புகுறியும்

நண்பர்களே,

ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமைத் தமிழில் ஒருவர் 'கட்டுப்பாட்டு நொதி' என்கிறார், இன்னொருவர் 'தடை நொதி' என்கிறார். பாக்டீரியா தன்னுள் நுழையும் வேற்று டி.என்.ஏ.வை, அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட வரிசையை அடையாளம் கண்டு வெட்டுகிற நொதி இது. இரண்டு பெயருமே எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டுப்பாடு என்ற சொல்லை, ஒரு மரபணு எப்போது இயங்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தடை நொதி என்றாலோ வேறொரு நொதியின் வேலையை நிறுத்துவது என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'வெட்டு நொதி' என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாமே என்றால், டி.என்.ஏ.வை வெட்டும் எல்லா நொதிகளும் அதில் வந்துவிடும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. வெட்டுவது தெரிவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. 1952இல் லூரியாவும் ஹியூமனும், 1953இல் பெர்ட்டானியும் வைகலும் பார்த்தது இதைத்தான்: ஒரு பாக்டீரியா வகையில் வளர்ந்த ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்), இன்னொரு வகையில் விட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. ஈ.கோலை பாக்டீரியாவின் சி வகையில் வளர்ந்த லாம்டா ஃபேஜை கே வகையில் விட்டால், ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் தேறும். ஆனால் அப்படித் தேறியவற்றின் சந்ததி கே வகையில் தாராளமாக வளரும், அதையே திரும்ப சி வகையில் ஒரு சுற்று வளர்த்தால் அந்தத் திறமை போய்விடும். மரபணுவில் நேர்ந்த திடீர் மாற்றமாக இருந்தால் ஒரே சுற்றில் இப்படி மொத்தமாகத் திரும்பாது. ஆக, ஃபேஜ் போகும் வழியில் மறிக்கப்படுகிறது. வழிமறித்தல், மறியல் என்று நமக்குப் பழகிய வேர்தான். ரெஸ்ட்ரிக்‌ஷன் = மறிப்பு, அந்த என்சைம் = மறிப்பு நொதி என்பது என் முன்மொழிவு.

'எதிர்ப்பு' என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்பீர்கள். ஃபேஜ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி மாறிப்போய், அது செல்லில் ஒட்டவே முடியாமல் போவதற்கு அந்தச் சொல் வேண்டும். மறிப்பில் ஃபேஜ் ஒட்டுகிறது, டி.என்.ஏ. உள்ளே நுழைகிறது, நுழைந்த பிறகுதான் துண்டாகிறது. இந்த வேறுபாட்டைச் சொல் காட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது மாடிஃபிகேஷன், அதாவது தன் மறிப்பு நொதி வெட்டாதபடி பாக்டீரியா டி.என்.ஏ.வில் இடும் அடையாளம். இதில்தான் நான் நிறைய நேரம் செலவழித்தேன். 'மாற்றம்' என்றால் எதுவும் விளங்காது. 1962இல் வெர்னர் ஆர்பரும் டெய்ஸி டுசுவாவும் அந்த அடையாளம் ஃபேஜின் டி.என்.ஏ.விலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். பிறகு அது மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு வேதித் தொகுதி) என்று தெரிந்தது. ஈகோஆர்1 என்ற மறிப்பு நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைத் தேடி வெட்டும். அதன் துணை நொதி, அதே வரிசையில் இரண்டாவது அடினினில் (ஏ) ஒரு மெத்திலை வைத்துவிட்டால் வெட்டு விழாது. 'தன்குறி' என்று முதலில் எழுதிப் பார்த்தேன், ஆனால் புணர்ச்சியில் அது தற்குறி ஆகிவிடுகிறது, அந்தச் சொல்லுக்கு எழுத்தறியாதவர் என்ற பொருள் ஊன்றிவிட்டது. 'காப்புக்குறி' பரவாயில்லை. ஆனால் குறியைப் போட்டது யார் என்பது அதில் இல்லை.

அப்புறம்தான் 'ஓம்புகுறி' தோன்றியது. ஃபேஜ் வளர இடம் தரும் உயிரை, அதாவது ஹோஸ்டை, ஓம்புயிர் என்கிறோம். ஓம்புதல் என்றால் காத்தல், பேணல். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக நிற்கிறது. காக்கும் குறி, ஓம்புயிர் இட்ட குறி என்று இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. லாம்டா சி வகையில் போய் அதை இழப்பதும் இதில் விளங்கும், ஏனென்றால் குறியைக் கொடுத்த ஓம்புயிர் அங்கே இல்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மெத்திலேற்றத்தையும் ஓம்புகுறியையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆக்சிஜனேற்றம் போல மெத்திலேற்றம் என்பது வேதிவினையின் பெயர். ஈ.கோலையின் டாம் நொதி ஜி-ஏ-டி-சி வரிசையில் மெத்தில் வைப்பது, படியெடுப்பில் நேர்ந்த பிழையைத் திருத்தும்போது எது பழைய இழை, எது புதியது என்று அறிவதற்கு உதவுகிறது. அங்கே மறிப்பு எதுவும் இல்லை. ஈ.கோலையின் எம்சிஆர்பிசி (McrBC) நொதியோ மெத்தில் இருக்கும் இடத்தைத்தான் தேடி வெட்டும். டி4 ஃபேஜ் சைட்டோசினுக்கு (சி) பதிலாக ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினைத் தானே உண்டாக்கி, அதன் மேல் குளுக்கோஸையும் ஏற்றிக்கொள்கிறது. அதை ஓம்புயிர் இடவில்லை என்பதால் ஓம்புகுறி என்று அழைக்கக்கூடாது.

கூட்டுச்சொல்லுக்கும் இவை வளைந்து கொடுக்கின்றன. டி.என்.ஏ. இரட்டித்தவுடன் பழைய இழையில் மட்டும் குறி இருக்கும் நிலையை ஓரிழைக் குறி எனலாம். டி7 ஃபேஜின் ஓசிஆர் புரதம் டி.என்.ஏ. போலவே உருவெடுத்து மறிப்பு நொதியில் ஒட்டி அதை முடக்குகிறதே, அதற்கு மறிப்புமுறிப் புரதம்.

மெத்திலை டி.என்.ஏ.வில் வைக்கும் நொதியான மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸுக்கு மட்டும் எனக்கு இன்னும் முடிவு இல்லை. மெத்திலேற்றி என்பது வாயில் நன்றாக வருகிறது, ஆனால் மெத்திலை வேறொரு மூலக்கூறிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்பது அதில் தெரியவில்லை. 'மெத்தில் கடத்தி' என்றால் மின்கடத்தி போலத் தோன்றிவிடும். உங்களுக்கு என்ன படுகிறது?