வெள்ளிக்கிழமை ராத்திரியும் கார் சாவியும்

அம்பையிலிருந்து அடுத்த வாரம் கனடாவின் ஒன்டாரியோவுக்குக் கிளம்புகிற தம்பி கேட்டிருந்தார்: "ரூமில் எல்லாரும் குடிப்பாங்களாம் அண்ணாச்சி, நான் குடிக்கலைன்னா ஒதுக்கிருவாங்களா?"

ஒதுக்க மாட்டார்கள். "எனக்குப் பழக்கமில்லை" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அன்றைக்குத் தயங்கி ஒரு கிளாஸ் வாங்கிவிட்டால் அப்புறம் வாராவாரம் காரணம் தேட வேண்டிவரும். ஆபீசில் பாருக்குக் கூப்பிட்டாலும் போங்கள். ஜூஸ் குடித்துப் பேசிவிட்டு வரலாம்.

எனக்குக் கவலையெல்லாம் குடிக்கிற தம்பிகளைப் பற்றித்தான். கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று சுடலைமாடனுக்குச் சாராயம் படைத்தார்கள். பந்தலுக்குப் பின்னால் இளவட்டங்களும் ஒதுங்கினார்கள். பெரியப்பா தலை தெரிந்ததும் பாட்டில் மறைந்தது. தள்ளாடிய ஒருத்தனிடம் மச்சினன் பைக் சாவியைப் பிடுங்கி, வீட்டில் கொண்டுபோய் விட்டான். ஒன்டாரியோவில் அப்படிப் பார்க்கிற கண் கிடையாது. குளிர், நாலு சுவர், கையில் சம்பளம், அவ்வளவுதான்.

அளவும் வேறு. கனடாவில் ஒரு ட்ரிங்க் என்பது 40 சதவீதச் சரக்கில் 43 மில்லி. நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, நாலு ட்ரிங்குக்கும் மேல். "ஒரு குவார்ட்டர்தானே" என்று காரை எடுத்துவிடாதீர்கள். ஜி1, ஜி2 என்கிற புது ஓட்டுநர் லைசென்ஸ் வைத்திருப்பவர் வண்டி ஓட்டும்போது ரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது. 2018 டிசம்பரிலிருந்து, சந்தேகமே இல்லாவிட்டாலும் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்ல போலீசுக்கு அதிகாரம் உண்டு. அப்போதே குடித்து ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனையும் 10 ஆண்டுச் சிறையாக உயர்ந்து, குடியேற்றச் சட்டத்தில் அது கடுங்குற்றமாகிவிட்டது. அதனால் குடித்து ஓட்டித் தண்டனை பெற்றால் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியுரிமை அனுமதி வாங்கியவரைக்கூட நாட்டைவிட்டு அனுப்ப முடியும். வயலை அடகு வைத்து அனுப்பிய வீட்டுக்கு அதை எப்படிச் சொல்வீர்கள்?

என் ரூமில் ஒரு தம்பி வெள்ளிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தான். ஒரு வருஷத்தில் காலையிலேயே கை நடுங்கியது. "அம்மாகிட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்றான்; மானம் போகும் என்று நாங்களும் மூடி மறைத்தோம். அது நாங்கள் செய்த தப்பு. அப்படி நடுங்குகிறவன் டாக்டரிடம் போகாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். கனெக்ஸ்ஒன்டாரியோ என்கிற உதவி மையத்துக்கு எந்நேரமும் இலவசமாகப் போன் செய்யலாம், எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று சொல்வார்கள். கூடவே போய் உட்காருங்கள்.

ஞாயிறு வரை ஊரில்தான் இருப்பேன் தம்பி. கிளம்புமுன் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.